ஜும்பா நடத்திய சத்தமில்லாத ஏலம்

எம்பாலே சந்தைக்கு வண்டியில் வருகிறவர்கள் இறங்குவதற்கு முன்பே ஜும்பாவின் குரலைக் கேட்டுவிடுவார்கள். வெளிநாட்டுப் பழைய துணி மூட்டையைப் பிரித்து, தார்ப்பாயில் குவித்துப் போட்டு விற்கிற வியாபாரம் அவருக்கு. "மந்திரி போட்ட கோட்டு! அவரு பதவி போயிடுச்சு, கோட்டு போகல! வாங்க, வாங்க!" என்று அவர் கூவினால் மேட்டில் தேயிலை பறிப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று சொல்வோம். எதிர்வரிசையில் என் தையல் கடை; கவாய் அக்கா கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். வீடும் பக்கத்து வீடு. ஆகவே அந்தக் குரலை என்னைவிட அதிகமாகக் கேட்டவர்கள் அவர் குடும்பத்தார் மட்டும்தான்.

சனிக்கிழமை வந்தால் அந்தக் குரல் ஊருக்குச் சொந்தம். பள்ளிக்கூடத்துக் கூரை, யாரோ ஒரு பெண்ணின் கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, எதுவானாலும் தேவாலய மைதானத்தில் ஹராம்பே என்கிற நிதி திரட்டும் கூட்டம் நடக்கும். ஊர் கூடும். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு தட்டு. கொடுக்கிறவர் எல்லோரும் பார்க்க நடந்து வந்து போட வேண்டும். தட்டில் விழுவது குறைந்தால் ஜும்பா ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு ஏலத்தில் இறங்கிவிடுவார். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சேவலைத் திருப்பித் தருவார். மறுபடி ஏலம். சாயங்காலத்துக்குள் ஒரு சேவல் ஒரு மாட்டின் விலைக்குப் போயிருக்கும்.

மாவு மில் வைத்திருந்த கெகோடேதான் அவருடைய முக்கிய இலக்கு. பெரிய உடம்பு, பெரிய வருமானம், இறுகிய கை.

"கெகோடே அண்ணே, கைய எதுக்கு பாக்கெட்டுல விட்டு வச்சிருக்கீங்க? குளிருதா?"

"உனக்கென்னடா?"

"எனக்கில்லண்ணே, உள்ள இருக்கிற நோட்டுக்குத்தான் மூச்சு முட்டுதாம். கொஞ்சம் வெளிய விடுங்க, காத்து வாங்கட்டும்!"

"உன் வாய மூட எவ்வளவுன்னு சொல்லு, அத மொதல்ல குடுத்துடறேன்!"

"அதுக்கு இந்த ஜில்லாவுல பணம் பத்தாதுண்ணே!"

மைதானமே சிரிக்கும். கெகோடேயும் சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். பெரிய பாத்திரத்தில் பால் தேநீர் கொதிக்கிற வாசனையும், முரசுச் சத்தமும், குலவையும், வெயில் சாயும்வரை வீட்டுக்குப் போக மனமில்லாத பிள்ளைகளும். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தையல் மிஷினில் கால் நின்றுவிடுகிறது.

அவருக்கு இரண்டு பையன்களுக்குப் பிறகு பிறந்தவள் மினாயோ. பையன்கள் அப்பாவைப் போல வாயாடிகள். இவள் நாலு வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். என் கடைக்கு வந்தால் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறம் நிறமாக வரிசை வைப்பாள். அதைக் கலைத்தால் அழுது மூச்சுத் திணறிவிடும். எல்லாவற்றையும்விட வேதனை, வாசலில் அப்பாவின் குரல் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கையில் வாழைப்பழத்தோடு கட்டில் பக்கத்தில் நின்று, "அப்பா வந்திருக்கேன்மா, அப்பாதான்!" என்று அவர் இன்னும் உரக்கச் சொல்வார். அவள் இன்னும் உள்ளே நகர்வாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "வீட்டுக்குன்னு கடவுள் குடுத்த பேச்ச எல்லாம் அப்பன்காரனே பேசித் தீத்துட்டான். அந்தப் புள்ளைக்கு எங்கேர்ந்து மிஞ்சும்?"

மினாயோவின் அம்மா இமாலி குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். "உன் வீட்டுல எல்லாருக்கும் மிஞ்சிப்போயிருக்கே, கொஞ்சம் கடன் குடேன்" என்றாள்.

சுகாதார நிலைய நர்ஸ் ஒருவர்தான் கிசுமு நகரத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இடம் இருக்கிறது என்று வழிகாட்டினார். அபோண்டி என்ற இளம்பெண் நடத்திய சின்ன இடம் அது. ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் முதன்முதலில் கேட்டது அங்கேதான். வாரம் ஒருமுறை இமாலி பிள்ளையோடு போவாள். சில தடவை நானும் துணைக்குப் போயிருக்கிறேன். அபோண்டி தரையில் உட்கார்ந்து, கிண்ணம், தண்ணீர், செருப்பு என்று படம் வரைந்த அட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவ்வளவு பொறுமையாக ஒரு மனுஷி காத்திருந்து நான் பார்த்ததில்லை. சில மாதம் கழித்து மினாயோ தண்ணீர்ப் படத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். இமாலி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நாள் ஜும்பாவும் போனார். உள்ளே நுழைந்து வழக்கம்போல், "வணக்கம் டீச்சர்!" என்றார். அறையில் இருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அபோண்டி அவரை வெளியே அழைத்துப் போனாள்.

"மினாயோ அப்பா, அவ உங்களுக்குப் பயப்படல. உங்க சத்தம் அவ காதுல அடி மாதிரி விழுது. நீங்க வேணாம்னு இல்ல, அந்த அடிதான் வேணாம்."

திரும்பி வருகிற வண்டியில் அவர் வாய் திறக்கவே இல்லை. நடத்துனர் உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

அன்று முதல் வீட்டு வேலிக்குள் கால் வைத்ததும் அவர் குரல் இறங்கிவிடும். பழக ரொம்ப நாள் ஆயிற்று. மறந்துபோய்ப் பாதிச் சொல்லில் வாயைப் பொத்திக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். மெல்ல மெல்ல மினாயோ கட்டிலுக்கு அடியில் போவதை நிறுத்தினாள்.

ஆனால் கட்டணம் கட்ட முதலில் சைக்கிள் போனது. அப்புறம் பசு. அதற்கப்புறம் விற்க ஒன்றுமில்லை. இரண்டு மாதம் கிசுமு போகவில்லை. மினாயோ அட்டைகளை மறந்து பழையபடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஹராம்பே வைப்போம்" என்றாள் இமாலி.

"வேணாம்."

"ஊர்ல எவன் புள்ளைக்கு வேணும்னாலும் கேப்பீங்க. நம்ம புள்ளைன்னா மட்டும் வெக்கமா?"

"தட்டுப் பக்கத்துல நின்னவன் நான், இமாலி. பணம் குடுக்கற நிமிஷத்துல ஒவ்வொரு மூஞ்சியும் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். அந்த மூஞ்சிய இவளுக்காக என்னால பாக்க முடியாது."

"அப்ப கண்ண மூடிக்குங்க. நான் பாத்துக்கறேன்."

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு பாஸ்டர் அசாவா வீட்டுக்குப் போனாள். பாஸ்டருக்கு மகிழ்ச்சி. "ஒலிபெருக்கி நான் ஏற்பாடு பண்றேம்மா. இளைஞர் சங்கத்து முரசும் உண்டு."

"எதுவும் வேணாம் பாஸ்டர். என் மகள எல்லாருக்கும் முன்னால உக்கார வைக்கப்போறேன். யாருக்காகக் குடுக்கறாங்கன்னு ஜனம் பாக்கணும்."

"கைதட்டலாவது?"

"வேணாம்."

"பாட்டு?"

"மெதுவா ஒண்ணு பாடலாம்."

"மெதுவாப் பாட நம்ம குழுவுக்குத் தெரியாதே!" என்று பாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

செய்தி பரவியதும் கறிக்கடை முடான்யா, "சாவு வீட்டுல கூட இதவிடக் கலகலப்பா இருக்குமே" என்றார். ஆனாலும் மைதானம் நிரம்பியது. கிசுமுவிலிருந்து அபோண்டியும் வந்திருந்தாள். ஜும்பா வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அவர் வரமாட்டேன் என்றுதான் கடைசிவரை சொன்னார். கூட்டம் தொடங்கியபோது இஸ்திரி போட்ட சட்டையில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். இமாலி அவரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வந்தார்.

அவர் பேசத் தொடங்கியதும் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பிறகு இன்னும் முன்னால்.

"நான் வீட்டுக்குள்ள வந்தா என் மக ஒளிஞ்சுக்குவா. அவ என்னை வெறுக்கறான்னு நெனச்சேன். உங்க யாருகிட்டயும் சொன்னதில்ல. அப்படி இல்லன்னு இந்த டீச்சர்தான் சொன்னாங்க. இப்ப நான் வந்தா அவ ஒளியறதில்ல. அவ்வளவுதான் நடந்திருக்கு. எனக்கு அது போதும், ஆனா அவளுக்குப் போதாது. உதவி பண்ணுங்க."

பின் சேவலைத் தூக்கினார். ஏலம் தொடங்கியது. கெகோடே ஒரு விரலைக் காட்டினார். முடான்யா இரண்டு விரல். கெகோடே மூன்று. சிரிப்பை அடக்கமுடியாமல் பெண்கள் தோளில் போட்ட துணியை வாயில் திணித்துக்கொண்டார்கள். சத்தம் போட்டது சேவல் மட்டும்தான். கடைசியில் கெகோடே கை முழுவதையும் விரித்துத் தூக்கினார். தன் புருஷனா இது என்ற பூரிப்பில், பழக்கதோஷத்தில், அவர் மனைவி நீளமாக ஒரு குலவை போட்டுவிட்டாள்.

மினாயோ அலறினாள். காதைப் பொத்திக்கொண்டு ஓடி மேசைக்கு அடியில் புகுந்தாள். கெகோடேயின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஜும்பா சேவலைக் கீழே விட்டுவிட்டு, மேசையிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. தொண்டைக்குள்ளேயே ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டிருந்தார். அத்தனை ஜனமும் காத்திருந்தது. எங்கள் ஊர் அப்படிக் காத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நிழல் நகர்ந்த பிறகு அவள் தவழ்ந்து வெளியே வந்தாள். அவரை ஒட்டி உட்காரவில்லை. அவருடைய சட்டை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவர் முதுகு குலுங்குவதை நான் பார்த்தேன்.

அப்போது கெகோடே எழுந்தார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்போடு நுனிக்காலில் நடந்து போய்த் தட்டில் பணத்தைப் போட்டார். அவருக்குப் பின்னால் முடான்யா, அதே மாதிரி. அதற்குப் பின்னால் குழாயடியில் வாயாடிய அந்தப் பெண். ஊரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. ஜும்பா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர்ந்தது ஒரு வருஷத்துக்குப் போதும். அதற்குமேல் இல்லை. ஆனால் அன்று மைதானத்தில் வேறொன்றும் நடந்தது. கூட்டம் கலைந்ததும் மூன்று தாய்மார்கள் தனித்தனியாக அபோண்டியிடம் வந்து மெல்லிய குரலில் பேசினார்கள். வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்து வளர்த்த பிள்ளைகள் அவர்களுக்கும் இருந்தார்கள். அப்புறம் என் கடையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தேன். அபோண்டி புதன்கிழமை தோறும் கிசுமுவிலிருந்து வரத்தொடங்கினாள். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் அந்தப் பிள்ளைகளுக்காக ஜும்பாவே கூட்டம் நடத்தினார். மற்ற ஹராம்பேக்களில் பழைய முழக்கம், இவர்களுக்கானதில் மட்டும் தாழ்ந்த குரல்.

இப்போது எல்லாம் கைப்பேசியில் நடக்கிறது. செய்தி வரும், இருந்த இடத்திலிருந்தே பணத்தைத் தட்டிவிடுகிறோம். பணம் முன்னைவிட அதிகமாகவே சேர்கிறது. கெகோடேயும் முடான்யாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மைதானத்தில் புல் முட்டியளவு வளர்ந்திருக்கிறது.

ஜும்பாவுக்கு வயதாகிவிட்டது. துணிக் குவியலைப் பிரித்து அடுக்குவது மினாயோதான். நிறவாரியாக அவள் அடுக்குகிற அழகுக்காகவே வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அவளுக்குச் சில சொற்கள் உண்டு, மிச்சத்துக்கு அட்டைகள். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் அப்பாவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவருவாள். அப்பாவுக்கு மட்டும்தான். போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு ஒரு வாய் கெடையாதா மினாயோ?"

அவள் என்னைப் பார்க்காமல், ரொம்பத் தெளிவாகச் சொன்னாள்: "இல்ல."

ஜும்பா சிரித்தார். "கேட்டீங்களா கவாய் அக்கா, எவ்வளவு அழகாப் பேசறா!"