வெள்ளைப் பூ வந்த டாக்டர்

சேலம் பக்கத்தில் எங்கள் ஊர் இளம்பிள்ளையில் சேலை விற்கிற பாதிப் பேர் இப்போது போனுக்கு முன்னால் நின்றுதான் விற்கிறோம். ரிங் லைட்டைப் போட்டு, முந்தானையை விரித்துப் பிடித்து, “புடிச்சவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க சிஸ்” என்று நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பேன். கீழே ஓடுகிற கமெண்டில் எவனோ எழுதுவான்: “அக்கா தூங்கி வழியுது.” இன்னொருத்தி, “அழுதீங்களாக்கா?” என்பாள். சேலையைப் பார்க்கச் சொன்னால் என் மூஞ்சியைப் பார்க்கிறார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

என் மேல் இமை இரண்டும் தொங்கிவிட்டன. நாற்பதைத் தாண்டியதும் தோல் மடிந்து இமை முடிமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, சாயங்காலமானால் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். அந்த வலிக்காக மட்டும்தான் ஆபரேஷனை யோசித்தேன் என்றால் பொய். பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். ஏன், ஆசைப்படக் கூடாதா? தலைக்கு டை அடித்துக்கொண்டு திரிகிற ஆம்பிளைகளை யாராவது ஒரு வார்த்தை கேட்கிறார்களா?

“இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்குப் புள்ள?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நம்ம சேலைய வாங்கறவங்களுக்குத்தானுங்க” என்றேன். உடனே சரி என்றார். வியாபாரம் என்று வந்தால் எங்கள் வீட்டில் எல்லா ஞாயமும் மாறிவிடும்.

ஆனால் டாக்டரைத் தேடுகிற வேலையை அவர் என்னிடம் விடவில்லை. தன் அக்காவிடம் கொடுத்தார். என் நாத்தனாருக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவருக்கு, இரண்டு கொழுந்தனார்கள். சின்னவர் சேலத்தில் தோலுக்கும் முடிக்கும் பார்க்கிற டாக்டர். இமையும் செய்கிறாராம்.

“நம்மூட்டு ஆளு இருக்கறப்ப வெளிய எதுக்குப் போறே? நான் சாமிகிட்டயே கேட்டுப்போட்டு வாரேன் கண்ணு” என்று நாத்தனார் கிளம்பிவிட்டார்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கல்யாணம், போர்வெல், புது லாரி, எல்லாமே அப்படித்தான். நாத்தனார் என் இமையையும் கொண்டுபோய் அங்கே வைத்தார். வெள்ளை வந்துவிட்டது. வீடே சந்தோஷப்பட்டது. கண் என்னுடையது என்பது யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

டாக்டரைப் போய்ப் பார்த்தோம். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே என் இமையைக் கிள்ளிப் பார்த்தார். “ஈஸியா எடுத்துரலாங்க” என்றார். எங்கள் ஊரில் சேலையைத் திருப்பி உள்பக்கம் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் கேட்டேன்.

“இதுவரைக்கும் எத்தன பேருக்கு இமை செஞ்சிருக்கீங்க? அவங்கள்ல யாரையாச்சும் நான் பாக்கலாங்களா?”

அவர் சிரித்தார். “நம்ம ஊட்டு ஆளுக்கு நான் கெடுதல் பண்ணுவேனுங்களா?”

கேட்டதற்கு இதுவா பதில்? மறுபடியும் கேட்க வாயெடுத்தேன். நாத்தனார் மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினார். வெளியே வந்ததும், “ஏந்தான் இப்படி மானத்த வாங்கறயோ! போலீஸாட்டம் கேக்கறே” என்று என்மேலேயே பாய்ந்தார். வளர்பிறையில் ஒரு நாளும் குறித்தாகிவிட்டது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டிவிட்டேன்.

அந்த நாள் வருவதற்குள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பெண்ணின் அறைக்கு நான் போனபோது, நாத்தனாரின் ஓரகத்தி மின்விசிறிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். பெரிய கொழுந்தனாரின் மனைவி. என்னைவிடச் சின்னவள். கொஞ்ச காலமாகவே வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடுதான் இருந்தாள். ஒற்றைத் தலைவலி, வெளிச்சம் ஆகாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துக் கண்ணை மூடினாள். கண் முழுசாக மூடவில்லை. இமைக்குக் கீழே வெள்ளை விழி அப்படியே தெரிந்தது.

நான் கிட்டே ஓடினேன். “என்ன சாமி ஆச்சு?” என்றேன்.

“தோல கொஞ்சம் அதிகமா எடுத்துட்டாருங்க்கா. படுக்கறப்ப டேப் ஒட்டிக்கறேன். அப்பவும் எரியுது.”

“யாரு எடுத்தா?”

அவள் கதவைப் பார்த்தாள். “எங்க கொழுந்தனாருதாங்க்கா. உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க அண்ணிதானே அப்பக் கூட இருந்து சோறு ஊட்டிவிட்டாங்க.”

கல்யாணமாவது ஒன்றாவது. நேராகப் பந்திக்குப் போனேன். பரிமாறிக்கொண்டிருந்த நாத்தனாரைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். “தெரிஞ்சேதான் என்ன அங்க கூட்டிட்டுப் போனீங்களா அண்ணி?”

அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். “எனக்கும் பயமாத்தான் கண்ணு இருந்துச்சு. அதனாலதான் பூ கேட்டேன். வெள்ளை வந்துச்சே! இந்தத் தடவ நல்லாப் பண்ணுவாருன்னுதான…”

பயம் இருந்திருக்கிறது. அதை அம்மனிடம் சொல்லியிருக்கிறார். பூசாரிக்குக்கூட ஜாடையாகத் தெரிந்திருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை! சொன்னால் டாக்டருக்குக் கெட்ட பெயர், டாக்டருக்குக் கெட்ட பெயர் என்றால் குடும்பத்துக்கு அசிங்கம். அம்மன் என்ன செய்வாள் பாவம்? அவளா கத்தியைப் பிடிக்கப் போகிறாள்?

“என் வாயில கெட்ட வார்த்தை வாரதுக்குள்ள போயிருங்க அண்ணி” என்றேன். குறித்த நாளை ரத்து செய்ய நானே போன் போட்டேன். டாக்டர் எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி.

கோயமுத்தூரில் இமைக்கென்றே படித்த ஒரு கண் டாக்டரம்மாவை நானே விசாரித்துப் போய்ப் பார்த்தேன். என் கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார். சரியாக வராமல் மறுபடி தைக்க நேர்ந்த ஒரு கேஸின் படத்தையும் காட்டினார். என் கண்ணில் ஈரம் குறைவு, அதனால் தோலைக் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும், கமெண்ட் போடுகிறவர்கள் வாயை அடைக்கிற அளவுக்கு அழகு வராது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கிளம்பும்போது, கண் மூடாத அந்த ஓரகத்திப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். பார்த்தால்தான் தெரியும், காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து வைத்தால் பெரும்பாலும் மூட வைக்கலாம் என்றார்.

ஊருக்கு வந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “வாரேனுங்க்கா” என்றாள்.

விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் கோயமுத்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது நாத்தனார் போனில் கூப்பிட்டார். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை. “அவளையும் கூட்டிட்டுப் போறயாமா? வெளி டாக்டர்கிட்டப் போயி இந்தக் கண்ணக் காட்டினா எங்கூட்டு மானம் என்னாகறது? நாங்க அல்லாரும் எப்படி வெளிய தலை காட்டறது?”

அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் காற்று படாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

“ஆபரேஷன் பண்ணுன நாள்லயிருந்து இவ கண்ண மூடித் தூங்குனதில்லீங்க அண்ணி. இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு நீங்க அல்லாரும் எப்படிங்க தூங்கறீங்க?”