சாபை ஓவர்டேக் செய்வது எப்படி

1. ரயில் வண்டி

ட்ராக் டே என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாடு, ஆட்டோ, மாமியார் யாரும் குறுக்கே வராத ஒரு மூடிய ட்ராக்கில் நம் பைக்கை எடுத்துக்கொண்டு போய், பிரேக் எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும், வளைவில் கண் எங்கே போக வேண்டும் என்று நாள் முழுக்க ஓட்டிப் பழகுவது. ரேஸ் கிடையாது. இதை ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று தடவை சொல்வேன். அப்புறமும் ஒருத்தன் ரேஸ் விடுவான். அவனை ஓரங்கட்டித் திட்டுவதுதான் என் வேலையில் பாதி.

என் பெயர் ஜெசிந்தா. வீடு மண்ணூர்பேட்டை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் ரைடராக இருந்து, பிறகு ஓட்டுநர் பயிற்சியாளர் ஆகி, போன வருஷம் ரிட்டையர் ஆனேன்; வகுப்பு எடுக்க மட்டும் இன்னும் கூப்பிடுகிறார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். முப்பது வருஷம் ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்திப் பழகியதால், வெளியே கத்தும்போது அளவு தெரியாது.

ஆவடியில் இருக்கிற ஒரு பட்டாள முகாமிலிருந்து பதினெட்டு பேரை அனுப்பினார்கள். பீரங்கி வண்டியெல்லாம் பத்திரமாக ஓட்டுகிற ஆட்கள், லீவில் பைக் எடுத்தால் கை காலை உடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவர்கள் தலைமை அதிகாரிக்குக் கவலை. பூந்தமல்லி தாண்டி எங்கள் கம்பெனியின் பழைய டெஸ்ட் ட்ராக்கில் வகுப்பு. ஜவான்களாயிற்றே, பறப்பார்கள், தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும் என்று காலையிலேயே சுக்குக் காபி குடித்துவிட்டுப் போயிருந்தேன்.

பறக்கவில்லை. பதினெட்டு பைக்கும் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில், ஒரே வரிசையில், ஸ்கேல் வைத்து அளந்த இடைவெளியில் வந்தன. ஒரு ரவுண்டு போனது. பச்சைக் கொடி காட்டினேன். எங்கள் கணக்கில் அதற்கு ‘இனி ஓவர்டேக் செய்யலாம்’ என்று அர்த்தம். அடுத்த ரவுண்டும் அதே ரயில் வண்டி. எல்லோரையும் நிறுத்தினேன்.

“ஏம்ப்பா, ஒருத்தர்கூட தாண்ட மாட்டேங்கறீங்க? பைக்ல ஏதாவது கோளாறா?”

பின்னால் நின்ற ஒருவர் மெதுவாக, “முன்னாடி சாப் போறாரு மேடம்” என்றார்.

பட்டாளத்தில் சாப் என்றால் ஐயா; இவர்களுக்குச் சாப் என்பது சுபேதார் பால்ராஜ். ஐம்பதை நெருங்குகிறவர், வேலூர்க்காரர். முகாமில் ஜவான்களுக்கு எல்லாமே அவர்தான். அதிகாரி சொன்னால் யோசிப்பார்கள், சாப் சொன்னால் ஓடுவார்கள். அவர் வாழ்நாளில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லையாம். “பெட்ரோல் என்னோடது, உயிர் கவர்மென்ட்டோடதும்மா” என்றார் என்னிடம், மிகவும் பொறுப்பாக.

சரி, சாபைக் கடைசியில் போகச் சொன்னேன். உடனே அடுத்த சீனியர் முன்னால் வந்து நின்றார். மறுபடியும் ரயில்.

2. தனசேகர்

அந்தப் பதினெட்டு பேரில் ஒருவருக்கு மட்டும் அன்றைக்குப் பரீட்சை. அவர் ஹவில்தார் தனசேகர், பாரிவாக்கத்துப் பிள்ளை. போன மாதம் குமணன்சாவடி ஜங்ஷனில் ஒரு லாரியை இடது பக்கமாக ஓவர்டேக் செய்யப் போய், உரசி, கண்ணாடியை உடைத்துக்கொண்டார். பைக்கை முகாமுக்கு வெளியே எடுக்கிற கேட் பாஸைப் பிடித்து வைத்துவிட்டார்கள். நான் பரீட்சை ஷீட்டில் பாஸ் போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் அது திரும்பக் கிடைக்கும்.

“சனிக்கெழம சாய்ங்காலம்தான் மேடம் வெளிய உடுவாங்கோ. ரெண்டு பஸ்ஸு மாறி, ஷேர் ஆட்டோ புடிச்சு ஊட்டுக்குப் போனா கொயந்த தூங்கிகினு கீது. காலைல அது கண்ணு முழிக்கறதுக்குள்ள நா கெளம்பணும். பொறந்து மூணு மாசம் ஆவுது. நா யாருன்னே அதுக்குத் தெரில.”

இதைக் கேட்டால் யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகியது. ஆனால் மனசு இளகிக் கையெழுத்துப் போடுவதில்லை என்று பயிற்சியாளர் ஆன முதல் நாளே முடிவு செய்தவள் நான். “ஓட்டிக் காட்டு, பார்க்கலாம்” என்றேன்.

பிரேக், வளைவு, பார்வை, லேன் எல்லாவற்றிலும் நன்றாகவே ஓட்டினார். மிச்சம் ஓவர்டேக். அதற்கு முன்னால் ஒருத்தர் ஒரே வேகத்தில் மெதுவாகப் போக வேண்டும். அதற்கென்றே பிறந்தவர் சுபேதார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, “எல்லாரும் என்னைத் தாண்டணும். இது ஆர்டர்” என்றார்.

ஆர்டர் என்றதும் தாண்டினார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் திருட்டுத்தனமாகச் சினிமாவுக்குப் போகிற களை. தனசேகரும் தாண்டினார். கண்ணாடி பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், ஹாரன் ஒரு தடவை, சாபுக்கும் தனக்கும் நடுவே ஆறடி விட்டு வலது பக்கமாக அழகாகத் தாண்டினார். பேனாவை எடுத்தேன். அப்போதுதான் சல்யூட் அடித்தார்.

சல்யூட் அடிப்பது வலது கை. ஆக்சிலேட்டரும் வலது கை. கை நெற்றிக்குப் போன நொடியே வண்டி இழுவை போய்ச் சோர்ந்தது. முப்பத்தைந்திலேயே வந்துகொண்டிருந்த சுபேதார், பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு, அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

இரண்டாவது தடவையும் ஆறடி, சல்யூட், சாப் முன்னால். மூன்றாவது தடவையும் அதே. பார்த்துக்கொண்டிருந்த ஜவான்கள் புல்லில் உருண்டார்கள்.

“உன்னை யாருய்யா கையை எடுக்கச் சொன்னது?”

“கை தானா போவுது மேடம். நா இன்னா பண்றது?”

“இடது கையால அடிச்சுத் தொலையேன்.”

தனசேகர் அதிர்ந்துபோனார். “லெஃப்ட்டு ஹேண்டுலயா? சாபுக்கா?”

3. ஆரஞ்சு ஜாக்கெட்

மத்தியானம் சாப்பிடும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ட்ராக்கில் புல் வெட்டுகிற ஆட்கள் போடும் ஆரஞ்சு ஜாக்கெட்டையும் முகம் மூடிய ஹெல்மெட் ஒன்றையும் சுபேதாருக்குக் கொடுத்து, என் பைக்கில் ஏற்றி ட்ராக்குக்குள் அனுப்பினேன். தனசேகரிடம், “கம்பெனி ஆள் ஒருத்தர் மெதுவா ஓட்டுவார். அவரைத் தாண்டு, போதும்” என்றேன். ஆள்தான் பிரச்னை, ஆளை மறைத்தால் பிரச்னை தீர்ந்தது என்று என் கணக்கு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வளைவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

தனசேகர் வந்தார். கண்ணாடி பார்க்கவில்லை. இண்டிகேட்டர் இல்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இடது பக்கமாக நுழைந்து, சுபேதாரின் முழங்கைக்கு அரை அடியில் சர்ரென்று தாண்டினார். தாண்டும்போது தலையைத் திருப்பி, ட்ராக் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

“யோவ் பெர்சு, ஊட்ல சொல்லிகினு வந்துட்டியா?”

சுபேதார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டாண்டு போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்த தனசேகரின் வண்டி அங்கேயே ஆஃப் ஆனது. பதினாறு ஜவான்களும் சட்டென்று எழுந்து விறைத்து நின்றார்கள்.

“சொல்லிட்டுத்தாம்ப்பா வந்தேன்” என்றார் சுபேதார். “அவதான் புளிசாதம் கட்டிக் குடுத்தா.”

அதற்குப் பிறகு அங்கே எழுந்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. நான் சிரிக்கவில்லை. ஓவர்டேக் கட்டத்தில் ஃபெயில் என்று எழுதி, ஷீட்டை தனசேகர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் எப்போதும் சேர்ந்துதான் வரும்.

“காலையில மூணு தடவை ஆறடி விட்டியே, அது யாரு?”

“சாப்.”

“இப்ப அரை அடியில போனியே, இது யாரு?”

“...சாப்.”

“அதே ஆளு, அதே வேகம். மாறினது ஜாக்கெட்டு. அப்ப உனக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆளப் பாத்து ஓட்டற. குமணன்சாவடியில லாரிக்காரன் உனக்குச் சாப் இல்ல, அதனால இடது பக்கம் பூந்துட்ட. அவன் கொஞ்சம் இடது பக்கம் ஒடிச்சிருந்தா, உன் பிள்ளைக்கு நீ யாருன்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.”

சுபேதார் தனசேகர் பக்கம் திரும்பினார்.

“அம்மா சொல்றது புரியுதாடா? இனிமே ரோட்ல முன்னாடி எது போனாலும் சாப். லாரியும் சாப், தண்ணி வண்டியும் சாப், ஷேர் ஆட்டோவும் சாப்.”

“அப்ப சல்யூட்டு, சாப்?”

பாருங்கள், அந்த நிலையிலும் அவருக்கு அதுதான் கவலை.

“வாயால சொல்லு” என்றேன் நான். “கை ஆக்சிலேட்டர்லயே இருக்கட்டும்.”

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். சுபேதார் அதே ஆரஞ்சு ஜாக்கெட்டில் போனார். அவரோடு புல் வெட்டுகிற நிஜ ஆட்கள் இரண்டு பேரையும் மொபெட்டில் அனுப்பினேன். தனசேகர் மூன்று பேரையும் தாண்டினார். கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், ஆறடி. ஒவ்வொருவர் பக்கத்தில் போகும்போதும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து “ஜெய் ஹிந்த் சாப்” என்று சத்தம் கேட்டது. புல் வெட்டுகிறவர்களில் ஒருவர் பயந்துபோய் மொபெட்டைப் புல்லில் இறக்கிவிட்டார். ஷீட்டைத் திரும்ப வாங்கி, ஃபெயிலை அடித்துவிட்டு, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘பெர்சு’ என்று சொன்னதற்காக சுபேதார் அவரை ட்ராக்கைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடவிட்டார், பைக் இல்லாமல்.

4. சனிக்கிழமை

ஆளைத் தெரியாமல் இருந்தால் நன்றாக ஓட்டுவான் என்று நினைத்தது என் தப்பு. முப்பது வருஷம் வேகம், தூரம், பிரேக் என்றுதான் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். முன்னால் போகிற வண்டிக்குள் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புளிசாதப் பொட்டலக்காரர்.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே ஸ்கூட்டரில் குமணன்சாவடி வழியாக வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஹாரன், ஒரே ஒரு தடவை. என்னை வலது பக்கமாக, தாராளமாக இடம் விட்டு ஒரு பைக் தாண்டியது. பின் சீட்டில் புதுத் தொட்டில் கம்பியைக் கயிற்றால் கட்டியிருந்தது. “ஜெய் ஹிந்த் சாப்” என்றது ஹெல்மெட். என்னை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அப்படியே தண்ணி வண்டிக்கு ஒரு ஜெய் ஹிந்த், அதற்கு முன்னால் போன ஷேர் ஆட்டோவுக்கு ஒரு ஜெய் ஹிந்த். பாரிவாக்கம் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

சிக்னலில் அந்த ஷேர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். டிரைவருக்குக் குழப்பம்.

“பாத்தியா யக்கா? என்னப் போயி சாபுன்னுட்டுப் போறான். சரக்கு கிரக்கு உட்டுகினு கீறானா?”

“இல்லண்ணே” என்றேன். “ட்ரெய்னிங்.”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பச்சை விழுந்ததும் கையை நீட்டி, “நீ மொத போ யக்கா” என்றார். முப்பது வருஷத்தில் ஒரு ஷேர் ஆட்டோ எனக்கு வழி விட்டது அன்றைக்குத்தான்.