புள்ளிமானுக்கு வைத்த உப்பு

முதலுதவி அறையின் வெள்ளைப் படுக்கை விரிப்பை மூங்கில் கழியில் கட்டி, தொழிற்சாலையின் பின்புறப் புல்வெளியில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடப்போம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று விரிப்பைத் திருப்பிப் பார்த்தால், எள்ளைவிடச் சிறிதாக உண்ணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்வோம். கழியின் ஒரு முனையை நான் பிடித்திருப்பேன். மறுமுனையில் புல் வெட்டும் அக்கா.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது நான் செவிலியர். தூத்துக்குடியிலிருந்து வந்து படப்பையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். அக்காவுக்கு மணிமங்கலம். ஒப்பந்தக்காரரிடம் தோட்ட வேலை செய்தார். தொழிற்சாலைக்குப் பின்னால் கட்டடம் வராத புதர்க்காடு ஒன்று உண்டு. சுற்றுச்சுவர் எழுப்பியபோது உள்ளே மாட்டிக்கொண்ட புள்ளிமான்கள் அங்கேயே பெருகிவிட்டன. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் அவற்றைப் படமெடுப்பார்கள். அவற்றின் காதுமடலில் உண்ணிகள் கொத்தாகத் தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அக்கா காய்ச்சல் என்று வந்தார். மாத்திரை கொடுத்தேன். மூன்று நாள் கழித்து மறுபடியும் வந்தார். "ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்புல கீது சிஸ்டர்" என்றார். விரலை வெட்டிக்கொண்ட ஒரு பையன் ரத்தம் சொட்ட அவருக்குப் பின்னால் நின்றிருந்தான். அவசரத்தில், அக்காவின் கையுறையைக் கழற்றச் சொல்லாமலே அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் புல்வெளியிலேயே மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துத்தான், உண்ணி கடித்து வந்த காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். சிறுநீரகம் வரை பாதித்திருந்தது. பிழைத்து வந்தார். அந்தப் புள்ளிகளை முதலில் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

மான்களைப் பிடித்து எங்காவது காட்டில் விட்டுவிடலாம் என்றார் மேலாளர். வனத்துறையினருடன் வந்த கால்நடை மருத்துவரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வலையில மாட்டுனா பாதி மான் பயத்துலயே செத்துரும் சார். உண்ணிய மட்டும் ஒழிக்கப் பாப்போம்." அனுமதி வாங்கி, அவரே ஒரு தீனிப்பெட்டி செய்ய வைத்தார். பெட்டியின் வாய்க்கு இருபுறமும் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற உருளைகள், அவற்றில் உண்ணி மருந்து. தின்பதற்காக மான் தலையை நுழைத்தால் கழுத்திலும் காதிலும் மருந்து படும்.

மக்காச்சோளம் கொட்டி இரண்டு வாரம் காத்திருந்தோம். மயில்கள்தான் தின்றுவிட்டுப் போயின. மேலாளர் பொறுமை இழந்தார். "இன்னும் ஒரு வாரம். அப்புறம் வலைதான்."

அந்த வாரம்தான் அக்கா வேலைக்குத் திரும்பினார். பாதியாக இளைத்திருந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மழை பேஞ்சு எங்க பாத்தாலும் பச்சப்புல்லு கீது. சோளத்துக்கு இன்னாத்துக்கு வரும்? உப்பு வையுங்க சிஸ்டர். எங்க வூட்டு ஆடு உப்புன்னா கைய வுடாம நக்கிக்கினு நிக்கும்."

மறுநாள் தவிட்டில் கல்லுப்பைப் பிசைந்து உருண்டையாகக் கொண்டுவந்தார். மருத்துவரம்மாவிடம் கேட்டுக்கொண்டு பெட்டிக்குள் வைத்தோம். மூன்றாம் நாள் மாலை ஒரு பெண்மான் வந்தது. முன்னங்காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்றது. பிறகு தலையை உள்ளே விட்டது. உருளை சுழன்றது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் என்னோடு ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

உண்ணிகள் அடியோடு போய்விடவில்லை. ஆனால் நானும் அக்காவும் இழுத்துப் பார்த்த விரிப்பில் மாதங்கள் போகப் போகக் குறைந்தன. நடைபாதையோரப் புல்லை ஒட்ட வெட்டினோம். அடுத்த மழைக்காலம் முடிந்தபோது அந்தக் காய்ச்சலோடு யாரும் வரவில்லை. இப்போது வேறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். காய்ச்சல் என்று யார் வந்தாலும் கையுறையையும் காலுறையையும் கழற்றச் சொல்கிறேன்.

ஒரகடம் வேலையிலிருந்து விலகிய நாளில் அக்காவோடு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு உங்க கையப் பாத்திருக்கணும்க்கா. பாக்காம விட்டுட்டேன்."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் சிஸ்டர். ஆஸ்பத்திரியில கேட்டாங்கோ, கம்பெனியில யாரும் கையப் பாக்கலியான்னு. நான்தான் காட்டலன்னு சொல்லிட்டேன். இல்லன்னா உங்க வேல போயிருக்குமே."

படப்பையில் நான் இறங்க வேண்டிய இடத்தில் ஆட்டோ நின்றது. நான் இறங்கவில்லை. அவர் இறங்கும் இடம் வரை கூடவே போனேன்.