சம்பந்தி வீட்டு சப்வூஃபர்

கடையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தவழ்சாமி என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். இருபத்தேழு வருஷமாக வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறவர். மற்றவர்கள் சப்வூஃபரை, அதாவது அடிச்சத்தத்துக்கென்றே இருக்கிற அந்தக் கனமான கறுப்புப் பெட்டியை, இடமிருக்கிற மூலையில் தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவரிடம் அந்த வேலையே கிடையாது. வீட்டுக்காரர் உட்காரும் இடத்திலேயே பெட்டியைத் தூக்கி உட்கார வைப்பார். அடிச்சத்தம் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிடுவார். பிறகு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரோரமாக நாலு காலில் தவழ்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு போவார். எந்த இடத்தில் சத்தம் வீங்காமலும் வற்றாமலும் சீராகக் கேட்கிறதோ, பெட்டிக்கு அதுதான் இடம். ஆளும் பெட்டியும் இடம் மாற்றிக்கொண்டாலும் சத்தம் போகிற வழி மாறாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

டாக்டர் வீட்டில் தவழ்ந்திருக்கிறார், நீதிபதி வீட்டில் தவழ்ந்திருக்கிறார். ஒரு வீட்டில் அவர்களுடைய நாயும் கூடவே வந்தது. வெட்கமாவது மானமாவது. இத்தனை வருஷத்தில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட மனிதர், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மட்டும் தவழவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

சம்பந்தி, பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்யும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம்தான் ஓய்ந்தது, ஆய்வு ஓயவில்லை. அதட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். எதிரில் நிற்கிறவனுக்கு, தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசனை வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால், பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று யாரோ கேட்டதற்கு, "ஏதோ சவுண்ட் சம்பந்தமா..." என்று அவர் இழுத்ததைத் தவழ்சாமி கேட்டுவிட்டார். இரண்டு வருஷம் ஆகியும் அது அவர் காதைவிட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, அப்பா சொல்கிற செட்டையே வாங்கலாம், அவரே வந்து மாட்டித் தருவார் என்று வாய்விட்டுச் சொன்னவள் மகள். மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில். நான்கு நாள் முன்னால் தவழ்சாமி போய்ப் பெட்டியைப் பிரித்ததும், சம்பந்தி டேப்பைப் பிடித்து அளந்து, கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்து மூலையைக் காட்டினார். அந்த மூலை உதவாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் சம்பந்தி உட்காரும் இடத்தில் பெட்டியை உட்கார வைப்பதையும், அவர் கண்ணெதிரே நாலு காலில் போவதையும் நினைத்தாலே தவழ்சாமிக்கு வியர்த்தது. நாளைக்கு மகளிடம் அல்லவா சொல்லிக் காட்டுவார்கள்? அங்கேயே வைக்கலாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

விளைவு, நடு சோபாவில் உட்கார்ந்த சம்பந்திக்கு அடிச்சத்தம் ஒரு பொட்டுகூட வரவில்லை. அத்தனையும் சுவரோரமாக நடந்து சமையலறைக்குள் போய்விட்டது. அவர் சத்தத்தைக் கூட்ட, அங்கே தட்டுகள் நடுங்கின. சம்பந்தியம்மா தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார். யாரும் யாரையும் திட்டவில்லை, அதுதான் பயமே. இன்று காலையில் மகள் ஃபோன் செய்தாள்.

"அஞ்சு மணிக்குக் கடை வண்டியை வரச் சொல்லிட்டார்ப்பா மாமா. எல்லாத்தையும் திருப்பி அனுப்பப் போறார். இனிமே இந்த வீட்ல நான் எதுக்கு வாயைத் திறந்தாலும் இந்தப் பெட்டிதான் குறுக்க வந்து நிக்கும்."

தவழ்சாமி இரண்டு மணிக்கே போய்விட்டார். போனவர் அப்போதும் தவழவில்லை. படித்தவர் மாதிரி தெரியட்டும் என்று சத்தத்தை அளக்கும் மைக் ஒன்றை சோபாவுக்கு முன்னால் நிறுத்தி, ஃபோன் திரையில் கோடு வரவைத்தார். அடிச்சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு கிணறு மாதிரி விழுந்தது. பெட்டியின் பின்னாலிருந்த குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தார். இடம் தப்பாயிருந்தால் குமிழ் என்ன செய்யும்? மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று. சம்பந்தி தன் நடு இடத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாகச் சத்தத்தை ஒரு சுற்றுக் கூட்டினார். சமையலறை மேடையில் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடி மூடி ஒன்று கீழே விழுந்து சுக்குநூறாக உடைந்தது.

சம்பந்தியம்மா துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கினார். மருமகளை மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"பாவம், அவரை ஏம்மா சிரமப்படுத்தறே?" என்றார் சம்பந்தி, மருமகளிடம். "இதுக்குன்னு படிச்சவங்க யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

தவழ்சாமியும் கூடத்தில்தான் இருக்கிறார் என்பதே சம்பந்திக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. தவழ்சாமி வயரைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டார். மகள் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் வந்தாள்.

"நீங்க ஏன்பா தவழல?"

"உங்க மாமனார் முன்னாடியா? உனக்குத்தானேம்மா தலைகுனிவு."

"எனக்காகவா தவழாம இருக்கீங்க?"

"உனக்காகத்தான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். நேராகப் போய், மாமாவைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னாள். ரிமோட்டைத் தேடுகிறாள் போலும் என்று அவரும் எழுந்துகொண்டார். அவள் மூலையிலிருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். தனியாகத் தூக்குகிற கனமா அது? தவழ்சாமி ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார். பெட்டி சம்பந்தியின் இடத்தில் போய் உட்கார்ந்தது. பாட்டை அவளே ஓடவிட்டாள். கூந்தலை முடிந்துகொண்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, சுவரோரமாகத் தவழத் தொடங்கினாள். சிறு பிள்ளையில் அவர் பின்னாலேயே தவழ்ந்து கற்றுக்கொண்ட வித்தை. பத்து வயதில் அவரைவிடச் சீக்கிரமாகவே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவாள்.

சம்பந்தி நின்றது நின்றபடி நின்றார். தவழ்சாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. மகளின் பக்கத்தில் போய் மண்டியிட்டார்.

"எழுந்திரும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

அவள் காதைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. "பாக்க மாட்டாங்கப்பா. நிமிர்ந்து நின்னாத்தான் இந்த வீட்ல எல்லாரும் பாப்பாங்க."

குறையாகக்கூட அவள் சொல்லவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். வாரா வாரம் ஃபோனில் நல்லா இருக்கியா என்று கேட்பார், நல்லா இருக்கேன்பா என்பாள். ஸ்பீக்கருக்குள் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடிக்கிற காதுக்கு, அந்த 'நல்லா இருக்கேன்' மட்டும் இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. மகள் தலை குனியக்கூடாது என்று தன் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தாராம். தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ச் சுவரிலிருந்து தவழ ஆரம்பித்தார். ஜன்னல் பக்கத்துச் சுவரில், நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி, இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். பெட்டியைத் தூக்கி அங்கே வைத்தார்கள். சமையலறையில் ஒரு ஸ்பூன்கூட அசையவில்லை என்று வாசற்படியில் நின்று சம்பந்தியம்மா ஒப்புக்கொண்டார். மணி நாலு நாற்பது.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. முன்னால் இருக்கிற ஸ்பீக்கர்களும் இந்தப் பெட்டியும் ஒரே நேரத்தில் மூச்சுவிட வேண்டும். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் இரண்டு பேருடைய பாடும் வீண். அதற்கென்று பின்னால் ஒரு குமிழ் உண்டு. ஒருவர் அதைத் திருக, இன்னொருவர் நடு இடத்தில் உட்கார்ந்து கேட்டு, எங்கே நிறுத்துவது என்று சொல்ல வேண்டும்.

சம்பந்தி தன் இடத்தை நோக்கி நகர்ந்தார்.

"இருங்க சம்பந்தி," என்றார் தவழ்சாமி. "கேட்கத் தெரிஞ்சவங்க உட்காரணும். நீ உட்காரும்மா."

மகள் அசையவில்லை. "அது மாமா இடம்பா."

"தெரியும். உட்காரு."

கண்ணாடிக்கு மேலாக அந்தப் பார்வை வந்தது. தவழ்சாமி கண்ணைத் தாழ்த்தவில்லை. பெட்டிக்குப் பின்னால் குந்தி, குமிழில் விரலை வைத்துக்கொண்டார்.

"நீ உட்கார்ற வரைக்கும் நான் இதைத் திருகப் போறதில்லை. வண்டி வந்தா வரட்டும்."

கடிகாரத்தின் முள் நகர்ந்தது. மகள் அத்தையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. அவள் போய் சோபாவின் நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள்.

நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொன்னார், காது சரியான உயரத்துக்கு வர வேண்டுமாம். சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் திருகினார்.

"வருதா?"

"இன்னும்."

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம்பா."

சம்பந்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுவே நல்லாத்தானே இருக்கு..."

மகள் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள். "ஒரு நிமிஷம் மாமா. பேசாதீங்க."

தவழ்சாமி குமிழை நூலளவு நகர்த்தினார். மூடிக் கிடந்த அடிச்சத்தம் மெல்ல எழுந்து வந்து கூடம் முழுவதையும் ஒரே அளவாக நிறைத்தது. அங்கேயே நிறுத்துங்க என்றாள். நிறுத்தினார். அவள் எழுந்திருக்கவில்லை.

தெருவில் கடை வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. யாராவது போய்த் திருப்பி அனுப்ப வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் சம்பந்திதான். அவரே போனார்.