பயப்படாமல் மாட்டிக்கொண்டேன்

திருப்பதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தபோது இருமல் திரும்பி வந்தது. திரும்பி வந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்று அப்படி யாரிடமும் சொல்லவில்லை.

முதல் இருமல் சென்னையில். புதுத் தொழிற்சாலைகள் எங்கள் வயதுப் பையன்களை அள்ளிக்கொண்டு போன காலம் அது. ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கத்திலிருந்து நாலு பேர் பஸ் ஏறி, அம்பத்தூரில் ஒரே அறையில் தங்கினோம். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை (சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். இருந்தது. ஆறு மாதம், வாரம் மூன்று நாள், நர்ஸ் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும் என்றார்கள். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, கன்னம் உப்பியது. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி என்பார்களே, மாத்திரையோடு என் உறவும் அப்படித்தான். பாதியில் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், பிழைப்புக்குத் திருப்பதி வந்தோம்.

திருப்பதி அரசு காசநோய் மையத்தில், இதற்கு முன் மருந்து சாப்பிட்டதுண்டா என்று தெலுங்கில் கேட்டார்கள். "லேது" என்றேன். இல்லை என்று அர்த்தம். எல்லைக்காரன் புத்தி அது. சென்னைச் சீட்டு தமிழ்நாட்டோடு போயிற்று, ஆந்திராவில் நான் புது ஆள் என்று நினைத்தேன். பாதியில் விட்டதற்குத் திட்டுவார்களே என்ற வெட்கம் வேறு.

தொற்றிவிடக் கூடாதென்று, தவழும் மகளை மனைவியோடு நாராயணவனத்துக்கு, மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். என் மருந்துப் பெட்டியை எங்கள் தெருவில் இஸ்திரி போடும் குமாரி அக்காவிடம் கொடுத்துவைத்தார்கள். அப்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவரிடம் அந்தப் பொறுப்பைத் தருவார்கள். அக்கா நகரிக்காரர். கரி அனலும் ஈரத்துணி வாசனையுமான அந்தத் தள்ளுவண்டியை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. "ரெண்டு இட்லி துன்னுட்டு வா, அப்பால முழுங்கு" என்பார். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்.

இரண்டாம் முறை போனபோது அக்கா பெட்டியைத் திறக்கவில்லை.

"இன்னா தம்பி, முந்தாநாள் ஒண்ணுக்கு செவப்பா போவலியா?"

"போச்சிக்கா."

"மொத தபா துன்றவங்க அல்லாரும் ரத்தம் ரத்தம்னு அலறிக்கினு ஓடியாருவாங்க. அது மாத்திர கலருன்னு நான்தான் சொல்லி அனுப்புவேன். நீ கம்முனு கீறியே. இதுக்கு முன்ன எங்க துன்ன?"

இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே மாட்டிய துணி போல நின்றேன்.

"ஒன் கொயந்தய நெனச்சிக்கினு சொல்லு," என்றார்.

சொன்னேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னை மையத்துக்கு அழைத்துப் போனார். டாக்டர் திட்டவில்லை. "பாதியில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும் பாபு. புது ஆளுக்குக் குடுக்கிறது உனக்குப் பத்தாது. உன் பாப்பா இத்தனை நாள் உன் பக்கத்துலதானே படுத்துச்சு?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வேறு பெட்டி வந்தது. எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் மையத்தில் ஊசி, இடுப்பு மரத்துப்போகும். நாராயணவனத்தில் மகளைச் சோதித்து, தடுப்பு மாத்திரை (நோய் வராமல் காப்பது) கொடுத்தார்கள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நினைத்து நான் அழாத நாள் குறைவு.

சளியில் கிருமி இல்லை என்று தெரிந்ததும், குழந்தையைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் போகவில்லை. உடம்பு சொன்னதை ஒருமுறை நம்பிக் கெட்டவன், கடைசிப் பரிசோதனை முடிவும் வரட்டும் என்று கிடந்தேன். இதை வாசிக்கிறவர்கள் அப்படிச் செய்யாதீர்கள். போகலாம் என்றால் போய்விடுங்கள்.

எட்டாம் மாதம் அந்த முடிவும் நல்லபடி வந்தது. அன்றே நாராயணவனத்துக்கு பஸ் ஏறினேன். மகள் வாசலில் நடந்துகொண்டிருந்தாள். திங்கள், புதன், வெள்ளி என்று நான் விழுங்கித் தீர்த்த நாட்களில் அவள் எழுந்து நின்றிருக்கிறாள், விழுந்திருக்கிறாள், நாலு வார்த்தை பேசியிருக்கிறாள். எதையும் நான் பார்க்கவில்லை.

"நைனா வந்துகீது பாரு, போ," என்றாள் மனைவி.

மகள் மிரண்டு பின்வாங்கினாள். அள்ளித் தூக்கினேன். தெருவே திரும்பிப் பார்க்க அழுதாள். அந்தச் சின்ன முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இருமல் இல்லை, இரைப்பு இல்லை. என்னை யாரென்றே தெரியாத என் மகள் முழு மூச்சில் அழுதாள். அழட்டும் என்று இறக்காமல் நின்றேன்.