ஆடி மாதத்து ஜீப்

புது ஜீப் வாங்க நானும் என் வீட்டுக்காரரும் சேலம் போனோம். ஆடி மாதமானதால் கடையில் ஆளே இல்லை. "ஏனுங்க, சும்மா ஈ ஓட்டறதுக்குப் பதிலா விலையைக் குறைச்சுக் குடுங்க" என்று அவர் கடைக்காரரிடம் சிரித்துப் பேசியே நல்ல விலைக்கு முடித்துவிட்டார்.

நான்தான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஆடியிலே வேண்டாமுங்க, சாமி குத்தமாயிரும். ஆவணியிலே வாங்கலாமுங்க."

"கடைக்காரரைக் காப்பாத்திப்போட்டயே!" என்று கேலி செய்தார். ஆனாலும் எனக்காக ஜீப் வாங்காமலே திரும்பினார்.

அடுத்த வாரமே அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் ஊர் வாழவந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதே என் மடியில் உயிர் போய்விட்டது.

இன்றும் தினமும் விளக்கேற்றுகிறேன். சாமிமேல் கோபமில்லை; நாள் பார்த்தது நான்தான். பிறகு மகன் ஒரு ஜீப் வாங்கினான். ஊரில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும், நாள் நேரம் எதுவும் பார்க்காமல் உடனே அந்த ஜீப்பை அனுப்பிவிடுகிறேன்.