பையில் இல்லாத தைலம்

அட்டையிலிருந்து மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே ஷீலா கேட்கிறாள்: “காலையில இன்னா சாப்ட்டீங்க?” சாந்தோம் பக்கத்து மருந்துக்கடை அது. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்காகக் கேட்கிறாளென்று நினைத்துப் பெரியவர்கள் பதில் சொல்வார்கள். “ஒண்ணும் எறங்கலம்மா” என்று யாராவது சொல்லிவிட்டால் கத்தரி நின்றுவிடும். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார வைப்பாள்.

நொச்சிக்குப்பத்துப் பெண். மெதுவாகப் பேச வராது. மனச்சோர்வுக்கு மருந்து வாங்குகிறவர்களிடம் மட்டும் மருந்தின் பேரைச் சொல்லாமல் “உங்க ராத்திரி மாத்திரை” என்பாள்.

வீட்டுக்கே மருந்து அனுப்பத் தொடங்கியபிறகு அவளுக்கு ஒரு கெட்ட பெயர். தனியாக இருக்கிறவர்களின் பையில் எதையாவது வைக்காமல் விட்டுவிடுவாள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளில் கை வைக்கமாட்டாள். தைலமோ இருமல் மிட்டாயோதான் குறையும். போனில் கேட்டால், “ஆள் இல்ல மாமா, நீங்களே வந்துடுங்க.” முதலாளி அசோகன், “கண்ணு எங்க கீது உனக்கு?” என்று கத்துவார். “மறந்துட்டேன் சார்” என்பாள். பச்சைப் பொய். “ஊட்டுக்குள்ளயே கெடந்தா ஆளு மக்கிப் பூடும்க்கா” என்று, அங்கே வாடிக்கையாக மருந்து வாங்கும் என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

மனைவி போனதிலிருந்து சுந்தரராமனுக்கு ராத்திரி மாத்திரை. அந்த அம்மாள் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசனை இல்லாமல் படுக்கமாட்டார். அதைத்தான் ஷீலா ஒவ்வொரு முறையும் விடுவாள். “ஞாபகமறதி ஒனக்கா எனக்கா?” என்று திட்டிக்கொண்டே கடைப் படியேறுவார். மனுஷன் திட்டுகிறவரைக்கும் பயமில்லை என்பது அவள் கட்சி.

நேற்று மத்தியானம் நான் கடையில் நிற்கும்போது அவர் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஷீலா கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

“பை வந்துடுத்தும்மா.”

“தைலம் வுட்டுப் போச்சு மாமா. வந்து வாங்கிக்குங்க.”

“இருக்கட்டும்மா.”

“இன்னா இருக்கட்டும்? தூக்கம் வராதே உங்களுக்கு.”

“இனிமே அதெல்லாம் எதுக்கு? நீ நன்னா இரு.”

திட்டவே இல்லை. ஷீலாவின் கத்தரி நின்றது.

அவர் போனை வைத்துவிட்டார். ஷீலா திரும்பப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. கொட்டிவாக்கத்தில் இருக்கும் அவர் மகள் வர்ஷினியைக் கூப்பிட்டாள். “அக்கா, அப்பாவாண்ட ஒடனே வாங்க. நான் போய்க்கினே கீறேன்.”

“கூட்டம் நிக்குது, எங்க போற?” என்றார் அசோகன்.

அவள் தைலப் புட்டியை எடுத்துக்கொண்டாள். பாதி கத்தரித்த அட்டை மேஜையில் கிடக்க, வாசலில் கழற்றிப் போட்டிருந்த தன் செருப்பைத் தாண்டி வெயிலில் ஓடினாள்.